முள்ளுக் கத்திரிக்காயைப் பேச வைப்பது எப்படி?

ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது. கல்யாண ஆர்டர் இல்லாத அந்த நாட்களில் எங்கள் வேலூர் ஸ்டுடியோவில் இப்போது பேசும் பொம்மை வேலைதான், அதாவது ஒரு படத்தை வாயசைத்துப் பேச வைக்கும் வீடியோ வேலைதான் ஓடுகிறது. லாங் பஜார் மளிகைக் கடைக்காரர், சத்துவாச்சாரியில் டியூஷன் எடுப்பவர் என்று யாராவது வந்து, "ஸ்டேட்டஸ்ல போடற மாதிரி பேசற பொம்மை ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்கிறார்கள். கையில் போன் இருந்தால் இதை நீங்களே வீட்டில் செய்துவிடலாம். உதாரணத்துக்கு, இலவம்பாடியில் கத்திரி போட்டிருக்கும் என் மாமாவுக்குச் செய்து கொடுத்த பொம்மையை எடுத்துக்கொள்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்தான் அதில் ஹீரோ.

எல்லாரும் முதலில் படத்தைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் குரலில் ஆரம்பியுங்கள். ஏஐ கருவி வாயை அசைப்பது ஒலியைக் கேட்டுத்தான். ஒலி தெளிவாக இல்லாவிட்டால் எவ்வளவு அழகான படமும் எதையோ மென்றுகொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

முதலில் வசனம். அரை நிமிஷத்துக்கு ஐம்பது, அறுபது வார்த்தை தாராளம். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். எங்கள் கத்திரிக்காய் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "இன்னா நைனா, என்னைப் பாத்து பயந்துகினு நிக்கிற? முள்ளு காம்புலதான் கீது. கொழம்புல போட்டுப் பாரு, வெண்ணெ மாரி கரைஞ்சிடுவேன்."

இதை எழுத்தைப் படித்துப் பேசும் கணினிக் குரல்களிடம் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட்டில் பல்லவி, வள்ளுவர் போன்ற தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. இலெவன்லேப்ஸ் என்ற குரல் தளமும் தமிழ் பேசும். பள்ளிப் பாடம், அறிவிப்பு போன்றவற்றுக்கு இவை போதும். ஆனால் "கீது" என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாலும் அந்த இழுவை வராது. பாகாயம் என்று எழுதினால் நாம் சொல்வது போலவே சொல்லும் என்றும் நம்ப முடியாது. ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் தனியாக ஒரு தடவை சொல்ல வைத்துக் கேட்டுவிடுங்கள். விலையை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுங்கள்.

வட ஆற்காட்டுப் பேச்சு வேண்டுமென்றால் சொந்தக் குரல்தான் சரி. மாமாவையே பேசச் சொன்னேன். போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். ஃபேனை நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பேசுங்கள். சுவரில் பட்டு வரும் எதிரொலியைத் துணி விழுங்கிவிடும். போன் வாய்க்கு நேராக வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், 'ப' சொல்லும்போது காற்று மோதாது. ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு நொடி மௌனம் விடுங்கள். பின்னணி இசையை இப்போதே கலக்காதீர்கள், நாதஸ்வரத்துக்கும் சேர்த்து வாய் அசையும்.

அடுத்தது படம். ஜெமினி, சாட்ஜிபிடி இரண்டிலும் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் வெறுமனே "கத்திரிக்காய் பொம்மை" என்றால் பெரும்பாலும் பளபளவென்று ஒரு வெளிநாட்டுக் கத்திரிக்காய் வந்து நிற்கும், முள்ளே இருக்காது. தோட்டத்துக் காயை போட்டோ எடுத்து ஏற்றி, "இதே காய், இதே முள், இதற்கு ஒரு முகம் வரை" என்று கேளுங்கள்.

முகத்தில்தான் விஷயமே இருக்கிறது. உதட்டை அசைக்கும் கருவிகள் பெரும்பாலும் மனித முகத்தைப் பார்த்துப் பழகியவை. கண், மூக்கு, வாய் எங்கே என்று முதலில் தேடும். கிடைக்கவில்லை என்றால் "முகம் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். அதனால் கத்திரிக்காய்க்கும் மூக்கு வேண்டும். இரண்டு கண்ணும் நேராகப் பார்க்கட்டும். உதடு தெளிவாக, மூடியிருக்கட்டும். பல் தெரியச் சிரிக்கும் படம் கொடுத்தால், வாய் மூட வேண்டிய இடத்திலும் பல் எட்டிப் பார்க்கும். மீசை உதட்டின் மேல் விழக் கூடாது (மாமா கேட்டார், கண் புருவத்தோடு நிறுத்திக்கொண்டோம்). பின்னணி ஒரே பச்சையாக இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். காயில் பச்சை இருந்தால் நீலம் போடுங்கள், இல்லாவிட்டால் காம்பும் சேர்ந்து மறைந்துவிடும். படத்துக்குள் தமிழ் எழுத்து கேட்க வேண்டாம், கொம்பும் காலும் இடம் மாறி வரலாம்.

படமும் ஒலியும் தயாரானால் மீதி வேலை சுலபம். ஹெட்ரா, ஹேஜென், டி-ஐடி என்ற இணையதளங்கள் மூன்றிலுமே படத்தை ஏற்றி, ஒலியை ஏற்றி, பொத்தானை அழுத்தினால் வீடியோ வரும். கார்ட்டூன் முகத்துக்கு என் முதல் ஓட்டு ஹெட்ராவுக்கு. இலவசக் கணக்கில் அளவுக் கட்டுப்பாடும், வீடியோ மேல் அவர்கள் முத்திரையும் இருக்கும், பணம் கட்டுமுன் அதில் ஒன்று செய்து பாருங்கள். பைசா செலவில்லாமல் வேண்டுமென்றால் சாட்டாக்கர் (SadTalker), வாவ்2லிப் (Wav2Lip) என்ற திறந்த மூல நிரல்கள் உண்டு. வாவ்2லிப் 2020இல் ஹைதராபாத் ஐஐஐடி ஆராய்ச்சியாளர்கள் செய்தது; ஒலியை மட்டுமே கவனிப்பதால் எந்த மொழி என்று பார்க்காது. முகப் பகுதியை 96க்கு 96 புள்ளியில் கையாளுவதால் உதடு மங்கலாகத் தெரியும். 2023இல் வந்த சாட்டாக்கர் தலையையும் சேர்த்து ஆட்டும். ஆட்டம் அதிகமானால் 'ஸ்டில்' என்ற தேர்வைப் போடுங்கள். இவற்றை ஓட்ட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், இல்லாதவர்கள் கூகுளின் கணினியிலேயே நிரலை ஓட்டவிடும் கோலாப் தளத்தில் முயலலாம்.

வந்த வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். 'ப', 'ம' வரும் இடங்களில் உதடு ஒட்டுகிறதா? எங்கள் காய் "முள்ளு" சொல்லும்போது வாய் திறந்தே இருந்தது. அந்தச் சொல்லுக்கு முன் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி பேசிப் பதிவு செய்ததும் சரியாகிவிட்டது. ஓ, ஊ வரும்போது உதடு குவியாவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் கவனிப்பதில்லை.

அப்புறம் விஎன் போன்ற வீடியோ எடிட்டரில் பின்னணி, இசை, எழுத்து எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். அளவு 9:16, அதாவது போனை நிமிர்த்திப் பிடித்த வடிவம்.

காய்க்கு யார் சம்மதமும் வேண்டாம், மனிதருக்கு வேண்டும். தலைவர் படத்தைக் கொண்டுவந்து "எங்க கடையைப் பத்தி பேசற மாதிரி" கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உயிரோடு இருப்பவர் என்றால் அவரே வந்து சொல்ல வேண்டும், குரல் என்றாலும் அப்படித்தான். நிஜம் போலத் தெரியும் வீடியோவை யூடியூபில் போட்டால், மாற்றப்பட்டது என்று குறிப்பிடும் தேர்வு இருக்கிறது, அதை அழுத்துங்கள். கார்ட்டூனுக்கு அது கட்டாயமில்லை.

வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருங்கிப்போய், முள்ளெல்லாம் மழுங்கித்தான் போய்ச் சேரும்.