‘நல்லா இருக்கா?’ என்று கேட்காமல் ஒரு புடவை வாங்குவது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவையைக் கையில் எடுத்ததுமே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ போகிறதா? பிறர் சம்மதம் கேட்காமல் முடிவெடுக்கும் பயிற்சியை அங்கேயே தொடங்கலாம். முதல் நாளே மாமியாரிடமோ மேலதிகாரியிடமோ ஆரம்பித்தால் பதற்றம் தாங்காமல் பழைய கதைதான்.

கிளம்புமுன் ஒரு சீட்டில், கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதி, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். கடையில் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டில் ‘இந்தக் கலரா?’ என்றால் ‘எனக்குப் பிடிச்சுது’ போதும். விலை, தள்ளுபடி என்று காரணம் அடுக்குவதும் ஒருவகையில் அனுமதி கேட்பதுதான். மறுநாள் நிஜமாக நடந்ததை அதே சீட்டில் எழுதி, பயத்தை மறுபடி அளக்கவும்.

பலர் சறுக்குவது வாங்கிய பிறகு: ‘தப்பா எடுத்துட்டேனோ?’ என்று நாலு பேரிடம் கேட்பார்கள். ஆறுதல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். மூளையிலோ, கேட்டதால்தான் தப்பித்தோம் என்று பதிந்துவிடும். அடுத்த முறையும் பயம் அப்படியே வரும்.

துணைக்கு ஒருவர் இருந்தால் சுலபம். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய கோடு ஒப்பிடும் சோதனைகளில், கூட்டமே தவறான விடை சொன்னபோது பலரும் ஒத்து ஊதினார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது. அதற்காக, அந்தத் துணைக்கே போட்டோ அனுப்பிவிடாதீர்கள்.