மதுரைக்கு குடும்பத்தோட போறீங்களா, முதல்ல மத்தியானத்துக்கு ஒரு வழி பண்ணுங்க

மதுரைய ஒரே நாள்ல சுத்திடலாம்னு கிளம்புறவங்க பாதிப்பேர் மாட்டிக்கிறது மத்தியானத்துலதான். மீனாட்சியம்மன் கோயில் நடைய 12.30க்கு சாத்திட்டா சாயங்காலம் 4 மணிக்குதான் திறப்பாங்க. இது தெரிஞ்சிருந்தும் போன தடவை நாங்க குளிச்சு, டிபன் சாப்பிட்டு, பாப்பாவுக்கு தலை பின்னி, ஆடி அசைஞ்சு 11.45க்கு கிழக்கு கோபுரத்துக்கிட்ட போய் நின்னோம், க்யூ நகரவே இல்ல, அம்மாவுக்கு மூட்டுவலி, சித்திரை வீதி கல்லு தோசைக்கல்லு மாதிரி சுடுது. தரிசனம் கிடைக்கல. தப்பு முழுக்க எங்க மேலதான்.

அதனால காலைல 6 மணிக்கெல்லாம் கோயில்ல இருங்க, டிபன் அப்புறம் பாத்துக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல தங்கினீங்கன்னா டவுன்ஹால் ரோடு வழியா நடந்தே போயிடலாம், ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. ட்ரவுசர், ஸ்லீவ்லெஸ் எல்லாம் உள்ள விடமாட்டாங்க, காலேஜ் படிக்கிற பையன் ஷார்ட்ஸ்ல வருவேன்னு அடம் பிடிச்சா பைல ஒரு வேட்டிய போட்டுக்கங்க.

இப்ப முக்கியமான விஷயம். 2018ல கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் கோயிலுக்குள்ள செல்போனுக்கு தடை. போன் இல்லாட்டி போட்டோ எடுக்க முடியாதுன்னு மட்டும்தான் எல்லாரும் கவலைப்படுறாங்க, ஆனா உள்ள ஆள் தொலைஞ்சா கூப்பிட முடியாதுங்கறது யாருக்கும் தோணுறதில்ல. உள்ள போறதுக்கு முன்னாடியே "யாரு பிரிஞ்சாலும் முக்குறுணி பிள்ளையார்கிட்ட வந்து நில்லு"னு பேசி வெச்சுக்கங்க. அவ்ளோ பெரிய பிள்ளையார், எந்த போலீஸ்காரரை கேட்டாலும் கை காட்டுவாரு. இன்னொண்ணு, நாலு கோபுரமும் புதுசா பாக்குறவங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தெற்குல செருப்ப விட்டுட்டு வடக்குல வெளிய வந்தீங்கன்னா வெறுங்காலோட பாதி கோயில சுத்தணும், எங்க மாமா ஒருத்தர் சுத்தியிருக்காரு. செருப்பு டோக்கன் வாங்கும்போதே எந்த கோபுரம்னு பிள்ளைங்கள சத்தமா சொல்ல வைங்க.

உள்ள எல்லாத்தையும் பாக்கணும்னு ஓடாதீங்க. தரிசனம் முடிஞ்சதும் பொற்றாமரைக் குளத்து படில பெரியவங்கள உக்கார வெச்சிட்டு பிள்ளைங்கள மட்டும் நடராஜர் இருக்கிற வெள்ளியம்பலத்துக்கு கூட்டிட்டு போங்க. நடராஜர் எந்தக் கால தூக்கியிருக்காருன்னு கேளுங்க. சிதம்பரத்துல இடது கால், இங்க வலது கால், அதான் கால் மாறி ஆடினதுன்னு சொல்றது. எங்க பாப்பா அங்கயே ஒத்தக்கால்ல நின்னு காட்டினா. அப்புறம் ஆயிரங்கால் மண்டபம், அதுக்கு தனி டிக்கெட். பேருதான் ஆயிரம், தூண் என்னவோ 985தான், இத முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா எண்ண ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் கிளப்புறது கஷ்டம்.

டிபன முடிச்சிட்டு 10 மணி வாக்குல திருமலை நாயக்கர் மஹால். ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனா வயசானவங்க இருந்தா ஆட்டோல போங்க, ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிக்கங்க. 1636ல கட்டினது, இப்ப நிக்கிறது முன்ன இருந்ததுல ஒரு பகுதிதான், நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் பாதிய பிரிச்சு திருச்சிக்கு கொண்டு போயிட்டாருன்னு சொல்லுவாங்க. பிள்ளைங்கள கை கோத்து ஒரு தூண சுத்தி நிக்க சொல்லுங்க, எத்தன பேர் வேணும்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். (தூண்ல பேரு கிறுக்கி வெச்சிருக்கிற புண்ணியவான்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.)

அப்புறம் அந்த மத்தியானம். சாப்பாடு சாப்பிட்டு ரூமுக்கு போய் படுத்துடுங்க, வெக்கமே பட வேணாம். தூக்கம் வராத பிள்ளைங்களுக்கு புது நத்தம் ரோட்ல 2023 ஜூலைல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்குன்னே தனி பகுதி இருக்கு, வெயிலும் தெரியாது. பெரிய பிள்ளைங்கன்னா தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனைலதான் இருக்கு, காந்தி சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணிய அங்க பாக்கலாம். மதுரைக்கு வந்தப்பதான் 1921 செப்டம்பர்ல அவரு சட்டைய விட்டுட்டு அரையாடைக்கு மாறினாருன்னு சொல்லிட்டு அந்த துணிய காட்டுங்க.

5 மணிக்கு மேல வண்டியூர் தெப்பக்குளம். காலைல பாத்த முக்குறுணி பிள்ளையார், 1645ல இந்தக் குளத்த வெட்டினப்ப கிடைச்சவருதான்னு இங்க வந்து சொன்னா பிள்ளைங்க முகத்த பாக்கணுமே. தைப்பூசத்தப்ப தெப்பத்திருவிழா, கூட்டம் பிச்சுக்கும், கைக்குழந்தையோட வேணாம்.

திரும்பி வர்ற வழில விளக்குத்தூண்ல ஜிகர்தண்டா. ஆளுக்கு ஒண்ணு வாங்காதீங்க, சின்னதுங்களுக்கு ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும், எங்க பையன் முழுசா குடிச்சிட்டு ராத்திரி சாப்பாட்ட தொடவே இல்ல.

தெம்பு மிச்சம் இருந்தா 9 மணி வாக்குல, நடை சாத்துறதுக்கு முன்னாடி சாமிய தூங்க வைக்கிற பள்ளியறை பூஜைக்கு மறுபடி கோயிலுக்கு போங்க. சொக்கரோட, அதாவது சுந்தரேஸ்வரரோட பாதம் பல்லக்குல ஏறி மீனாட்சி சன்னதிக்கு போகும். காலைல இருந்த நெரிசல் இருக்காது, நாயனச் சத்தம் பிரகாரம் முழுக்க கேக்கும். நாங்க பள்ளியறை பூஜைக்கு போன அன்னைக்கு அம்மா மூட்டுவலிய மறந்து பல்லக்கு பின்னாடியே நடந்துட்டாங்க, பாப்பா என் தோள்ல தூங்கிட்டா.