காலேஜ் எலக்‌ஷனில் முதல்முறை நிற்கப் போகிறீர்களா? ஒரு நோட்டு வாங்குங்கள்

முதலாம் ஆண்டில் வகுப்புப் பிரதிநிதியாக இருந்து, மூன்றாம் ஆண்டில் மாணவர் பேரவைச் செயலாளர் பதவிக்கு நின்று ஜெயித்தேன். ஒவ்வொரு ஜூலையிலும் ஜூனியர்கள் போன் செய்து, "எங்க அண்ணா ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை அப்படியே வரிசையாக எழுதுகிறேன்.

1. விதிகளைப் படியுங்கள்

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006-ல் தந்த பரிந்துரைகளைப் பின்பற்றும்படி உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் உத்தரவிட்டது. அதன்படி, நிற்பவருக்குக் குறைந்தது 75% வருகைப்பதிவு வேண்டும். தேர்தலில் நிற்கும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. இளநிலை மாணவர் என்றால் வயது 17 முதல் 22. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் எதுவும் கூடாது. கையால் எழுதியது மட்டும்தான். வேட்புமனு தொடங்கி முடிவு அறிவிப்பு வரை எல்லாமே 10 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும்.

பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. தலைவர், செயலாளர் போன்ற நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை. நல்லாப் பேசுகிற பையன் என்று நண்பர்கள் ஏற்றிவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே தலைவர் பதவிக்கு நின்று தோற்றால், அந்தக் கதவு மூடிவிடும். முதலில் சின்னப் பதவியில் வேலை செய்து காட்டுங்கள். உங்கள் கல்லூரியின் சொந்த விதிகளையும் தேர்தல் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. நோட்டு

லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே மொத்தம் எத்தனை பேர், ஹாஸ்டல் எத்தனை, டே ஸ்காலர் எத்தனை என்று குறியுங்கள். கீழே, அந்த வகுப்பில் யார் என்ன குறை சொன்னார்கள் என்பது மட்டும். "இவன் நமக்குப் போடுவான், அவன் போட மாட்டான்" என்ற கணக்கை முதல் மூன்று வாரம் எழுதவே எழுதாதீர்கள். அது மனதில் ஏறிவிட்டால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

10 நாளில் இதைச் செய்ய முடியாது. கல்லூரி திறந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

3. ஒரே ஒரு வாக்குறுதி

என் நோட்டில் 40 குறைகளுக்கு மேல் சேர்ந்தன. மெஸ் சாம்பார், ஒழுகும் குழாய், பஸ் பாஸ் கவுண்டர்... எல்லாம் உண்மையான குறைகள்தான். ஒரு மதியம் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் வராந்தாவில், லேப் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி சொன்னாள்: "நாலரைக்கு லேப் முடியுதுண்ணா, நாலரைக்கே லைப்ரரிய மூடிடுறாங்க. இந்த ஒன்றரை வருஷத்துல நான் ஒரு புக்கு கூட எடுத்ததில்ல."

மற்ற பக்கங்களைப் புரட்டினேன். லேப் உள்ள எல்லாத் துறைகளிலும் யாராவது ஒருவர் இதையே வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்கள்.

உடனே வாக்குறுதி கொடுத்துவிடவில்லை. முதலில் நூலகரிடம் போனேன். ஒரு உதவியாளரும் முதல்வரின் அனுமதியும் இருந்தால், வாரத்தில் மூன்று நாள் ஆறு மணி வரை திறந்து வைக்கலாம் என்றார். என் வாக்குறுதி அவ்வளவுதான்: வாரம் மூன்று நாள், ஆறு மணி வரை. எதிரணி ஏ.சி. கேன்டீன் வரை போனார்கள். "யார்கிட்ட கேட்டீங்க? எப்படிச் செய்வீங்க?" என்று மாணவர்கள் வகுப்பில் எழுந்து கேட்டபோது பதில் சொல்ல முடிந்தது எங்களால்தான்.

4. ஆட்களும் போஸ்டரும்

ஐந்து பேர் போதும். ஆண்கள் ஹாஸ்டல், பெண்கள் ஹாஸ்டல், பஸ்ஸில் வருபவர்கள், முதலாம் ஆண்டு, அப்புறம் நீங்கள் அதிகம் பழகாத ஒரு துறை. இந்த ஐந்து இடத்திலும் ஆளுக்கு ஒருவர். நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேர் ஒரே பெஞ்சில் இருந்தால் ஒரு பெஞ்ச் ஓட்டுதான் வரும்.

சார்ட் பேப்பரில் "நாலரைக்கு லேப் முடியுது. நாலரைக்கு லைப்ரரி மூடுது." என்று எழுதினோம். கீழே பெயர், பதவி. அவ்வளவுதான். முதல் பத்து போஸ்டரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதால் அன்று இரவு பெய்த மழையில் மை வழிந்து எல்லாம் வீணாகிவிட்டன. பெர்மனென்ட் மார்க்கர் பயன்படுத்துங்கள். கல்லூரி ஒதுக்கிய சுவரில் மட்டும் ஒட்டுங்கள்.

5. பேச்சு

இரண்டு நிமிடம். ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டு வகுப்புக்குள் போங்கள். பெயர், குறை, அதற்கு என்ன செய்வீர்கள், நன்றி. டே ஸ்காலர்களுக்கு, மாலை பஸ் கிளம்பும் முன் கிடைக்கும் பத்து நிமிடம்தான் நேரம், அதை விட்டுவிடாதீர்கள்.

6. இதை மட்டும் செய்யாதீர்கள்

யாராவது ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம ஆளுங்க அறுபது ஓட்டு இருக்கு, நான் பார்த்துக்கிறேன்" என்பார். சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது நடத்தை விதிப்படி தவறு, வேட்புமனுவே போய்விடலாம். விதி இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த அறுபதை வாங்கிய பிறகு மற்ற வகுப்புகளுக்குள் எந்த முகத்தோடு போவீர்கள்? பிரியாணி ட்ரீட்டும் வேண்டாம்.

7. ஓட்டுப்பதிவு நாள்

அன்று பிரசாரம் கிடையாது. தண்ணீர் தவிர எதையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிவிடும் டே ஸ்காலர்களை காலையிலேயே ஓட்டுப் போட்டுவிடச் சொல்லி முந்தின நாளே நினைவூட்டுங்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வாக்குச்சீட்டில் எங்கே முத்திரை குத்துவது என்று போர்டில் வரைந்து காட்டுங்கள். கோட்டின் மேல் குத்தியதால் செல்லாததாகிவிடும் ஓட்டு, முழுக்க முழுக்க நம் கவனக்குறைவு.

8. முடிவு வந்த பிறகு

முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். மார்க்கர், சார்ட், பசை என எல்லா ரசீதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அப்புறம் அதே நோட்டை எடுத்துக்கொண்டு, தேர்தலுக்கு முன் யாரிடம் பேசினீர்களோ அவரிடம் போங்கள். நான் அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகர் மேசை முன்னால் நின்றேன்.