இலங்கைக் கடவுச்சீட்டோடு பால்கன்: ரயிலிலும் பஸ்ஸிலும் சிக்கனமாக ஒரு சுற்று

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளுக்குப் போக வேண்டும் என்று வரைபடத்தை விரித்து ஊர்களை வட்டமிடத் தொடங்கும் நண்பர்களிடம், முதலில் அதை மடித்து வைக்கச் சொல்வேன். கடவுச்சீட்டிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். ஐரோப்பியர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் எல்லை என்பது பஸ் கொஞ்ச நேரம் நிற்கும் இடம், அவ்வளவுதான். நமக்கு எந்த நாட்டுக்குப் பிறகு எந்த நாடு என்ற வரிசைதான் பயணமே. வரிசை சரியாக அமைந்தால் ஒரே விசாவில் நான்கு நாடுகளைப் பார்த்துவிடலாம். பிழையாகப் போனால் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அந்த ஒரே விசா ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் பொது விசா. குரோஷியா 2023 ஜனவரி முதலாம் திகதி ஷெங்கனில் சேர்ந்தது, யூரோவுக்கும் அன்றைக்கே மாறியது. பொஸ்னியா, சேர்பியா, மொன்டெநீக்ரோ மூன்றும் ஷெங்கனுக்கு வெளியே இருந்தாலும், செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவரைத் தனி விசா கேட்காமல் உள்ளே விடுகின்றன. பொஸ்னியாவிலும் மொன்டெநீக்ரோவிலும் 30 நாள் வரை, சேர்பியாவில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் பொஸ்னியாவுக்குப் பலமுறை நுழையக்கூடிய விசாவாக இருக்க வேண்டும். அதனால் விண்ணப்பத்தில் பலமுறை நுழைவைக் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, ஏன் தேவை என்பதும் உங்கள் பயணத்திட்டத்தைப் பார்த்தவுடனே தெரிய வேண்டும்.

இதற்காகத்தான் நான் எல்லோருக்கும் ஒரே சுற்றைப் பரிந்துரைக்கிறேன். குரோஷியாவின் தலைநகர் சாக்ரெப்பில் இறங்கி, அதன் கடற்கரை நகர் ஸ்பிளிட், அங்கிருந்து பொஸ்னியாவின் மொஸ்தார், சரயேவோ, பிறகு சேர்பியாவின் பெல்கிரேட், அங்கிருந்து ரயிலில் மொன்டெநீக்ரோவின் பார் என்ற துறைமுக நகர், பஸ்ஸில் கொட்டோர், கடைசியில் மறுபடியும் குரோஷியாவின் டுப்ரோவ்னிக். தொடக்கமும் முடிவும் ஷெங்கனுக்குள் வருவதால் இரண்டாவது நுழைவு உண்மையிலேயே தேவைப்படுகிறது. குரோஷியா மட்டுமே நீங்கள் தங்கும் ஷெங்கன் நாடு என்பதால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்ற குழப்பமும் இல்லை.

விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அந்த அவகாசத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். குரோஷியாவின் புதுடில்லித் தூதரகம்தான் இலங்கையையும் பார்க்கிறது. கொழும்பில் ஒரு மேசையில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து விமான டிக்கெட்டை வாங்கிவிட வேண்டாம். விசா கைக்கு வரும் வரைக்கும் முன்பதிவு எல்லாம் இரத்துச் செய்யக்கூடியதாகவே இருக்கட்டும். அப்புறம் ஒரு சின்ன வேலை: மூன்று நாடுகளின் வெளிநாட்டமைச்சுத் தளங்களிலும் ஷெங்கன் விசாவுக்கான விலக்கைச் சொல்லும் பக்கத்தைத் தேடி, கிளம்புகிற வாரத்தில் ஒருமுறை சரிபார்த்து, அச்செடுத்துக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். நமது கடவுச்சீட்டை அடிக்கடி காணாத எல்லை அதிகாரிக்கு, வாய்ப்பேச்சைவிட அவருடைய அரசாங்கத்தின் தாள்தான் விளங்கும்.

வரிசையைப் பற்றி இன்னொன்று. சேர்பியா இன்னமும் தன் மண்ணாகவே கருதும் கொசோவோவையும் சேர்க்க ஆசைப்பட்டால், சேர்பியாவைப் பார்த்து முடித்த பிறகே அங்கே போங்கள். அல்பேனியா போன்ற வேறு நாட்டின் வழியாகக் கொசோவோவுக்குள் நுழைந்துவிட்டு அங்கிருந்து சேர்பியாவுக்குப் போனால், அந்த முதல் நுழைவைச் சேர்பியா சட்டப்படியானதாகக் கருதாது.

விமானத்துக்கு நான் முதலில் பார்ப்பது இஸ்தான்புல் வழி. கட்டுநாயக்கவிலிருந்து துருக்கி விமானம் இருக்கிறது, இஸ்தான்புல்லிலிருந்து பால்கன் தலைநகரங்கள் அனேகமாக எல்லாவற்றுக்கும் இணைப்பு உண்டு. வளைகுடா வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட்டைத் தேடும்போது, இரண்டு தனி டிக்கெட்டாக அல்லாமல் பல நகர டிக்கெட்டாகத் தேடினால் மலிவாகக் கிடைக்கும். டுப்ரோவ்னிக் விமானங்கள் பலவும் கோடைக்குரியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, இனி ரயில். பால்கனில் ரயிலிலேயே சுற்றி வரலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். பெல்கிரேட்டிலிருந்து சரயேவோவுக்கு ரயிலே இல்லை. சாக்ரெப்பையும் பெல்கிரேட்டையும் இணைத்த ரயில் கொரோனாக் காலத்தில் நின்றது, பிறகு திரும்பவில்லை. நாடுகளை இணைப்பவை பஸ்கள். ஆனால் இந்தச் சுற்றில் மூன்று ரயில் பயணங்கள் இருக்கின்றன. இவற்றைப் பஸ்ஸில் கடப்பது பெரிய இழப்பு.

முதலாவது சாக்ரெப் முதல் ஸ்பிளிட் வரை, பகல் ரயிலில் ஆறு மணித்தியாலம் அளவில். பஸ் கொஞ்சம் கெதியாகப் போகும், ஆனாலும் நான் ரயிலைத்தான் சொல்வேன். ஸ்பிளிட்டில் ரயில் நிலையம், பஸ் நிலையம், துறைமுகம் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன, டாக்சிக் காசு மிச்சம். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து மொஸ்தாருக்குப் பஸ் ஏறலாம்.

இரண்டாவது மொஸ்தார் முதல் சரயேவோ வரை. நெரெத்வா ஆற்றையும் யாப்லனிட்சா ஏரியையும் தொட்டுக்கொண்டு மலைக்குள் ஏறும் இரண்டு மணித்தியாலப் பாதை. பஸ்ஸைவிட மலிவு, பெட்டிகளும் நல்லவை. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு ரயில்கள்தான். ஆகையால் மொஸ்தாரில் இறங்கியதும் நேரத்தை நிலையத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் இப்படியான நேரங்களையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன், கைபேசி செத்தாலும் அது சாகாது.

சரயேவோவுக்கு மூன்று இரவாவது கொடுங்கள். பலர் ஒரு பகலில் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் நிற்கும் விஜெச்னிட்சா கட்டடத்தில் தேசிய நூலகம் இருந்தது. 1992 ஓகஸ்டில் எறிகணை வீச்சில் எரிந்தது. திருத்தப்பட்டு 2014இல் மறுபடியும் திறந்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவரால் அந்தக் கட்டடத்தைப் படமெடுத்துவிட்டு உடனே நகர முடியாது. எனக்கு அந்த ஊரில் வேறு எதையும் பார்க்காமல் போயிருந்தாலும் அது போதும்.

சரயேவோவில் கவனிக்க வேண்டிய விஷயம், பஸ் நிலையங்கள் இரண்டு. ஒன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். மற்றது கிழக்கு சரயேவோவில், லுகாவிட்சா என்ற இடத்தில். பெல்கிரேட் பஸ்கள் பலவும் இரண்டாவதிலிருந்துதான் போகின்றன. 103ஆம் இலக்க மின்சார பஸ்ஸில் தொப்ரின்யா வரை போய் அங்கிருந்து நடக்கலாம். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். பெல்கிரேட்டிலும் அப்படித்தான்: 2024 செப்டெம்பரில் பஸ் நிலையம் புதிய பெல்கிரேட் பகுதிக்கு இடம் மாறிவிட்டது, பழைய பிரதான ரயில் நிலையம் 2018இலேயே மூடப்பட்டது. பழைய குறிப்புகளை நம்பித் தங்குமிடம் எடுத்தால் ஆற்றுக்கு மறுகரையில் மாட்டிக்கொள்வீர்கள். நல்ல செய்தி என்னவென்றால் 2025 தொடக்கம் பெல்கிரேட் நகர பஸ்ஸும் டிராமும் எல்லோருக்கும் இலவசம்.

மூன்றாவது ரயில், பெல்கிரேட் முதல் பார் வரை. இதற்காகவே இந்தப் பயணத்தைப் போடலாம். கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சியில் ஜன்னலை விட்டு நகராதவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. 476 கிலோமீட்டர், 254 சுரங்கங்கள், 435 பாலங்கள். 1976இல் திறந்தார்கள். மொன்டெநீக்ரோவுக்குள், கொலாஷினுக்கும் தலைநகர் பொட்கோரிட்சாவுக்கும் நடுவே மாலா ரியேக்கா பாலத்தில் ரயில் 198 மீட்டர் உயரத்தில் போகும். ஓரிடத்தில் பாதை சில கிலோமீட்டர் பொஸ்னிய மண்ணுக்குள் போய் வருகிறது, அங்கே யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை, பயப்படாதீர்கள்.

இந்த டிக்கெட்டை பெல்கிரேட் நிலையத்தின் கவுண்டரில் போய் வாங்குவதுதான் நம்பிக்கையான வழி. ஆசனத்தோடு சேர்த்து 25 யூரோ அளவில் வரும் என்று கணக்கு வையுங்கள். பகல் ரயில் கோடையில் மட்டும், மற்றக் காலத்தில் இரவு ரயில். பாதையில் திருத்த வேலைகளும் நடப்பதுண்டு, ஆகவே ரயில் எங்கிருந்து, எப்போது கிளம்புகிறது என்பதைக் கவுண்டரிலேயே உறுதிசெய்யுங்கள். இரவு ரயிலில்தான் போக வேண்டியிருந்தால், பொட்கோரிட்சாவில் இறங்கி ஒரு பகல் உள்ளூர் ரயிலில் கொலாஷின் வரை போய் வாருங்கள். அழகான துண்டு அதுதான். தண்ணீரும் சாப்பாடும் ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் பயணப்பொதியைக் கீழே போட ஓரிரு யூரோ தனியாகக் கேட்பார்கள், சில்லறையாக வைத்திருங்கள். ஷெங்கனுக்கு வெளியே உள்ள எல்லைகளில் நடத்துநர் எல்லோருடைய கடவுச்சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவது வழக்கம். திரும்பக் கிடைத்ததும் பஸ் நகர்வதற்கு முன்பே முத்திரையைப் பாருங்கள்.

காசு விஷயம். ஒரு யூரோ நமக்கு 350 ரூபாய்க்கு மேல். குரோஷியாவுக்கு வெளியே ஹொஸ்டல் கட்டில், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 யூரோ என்று நான் கணக்குப் போடுவேன். குரோஷியாவில், அதிலும் கடற்கரையில், கோடையில் அது போதாது. அதனால் அங்கே நாட்களைக் குறைத்து பொஸ்னியாவிலும் சேர்பியாவிலும் கூட்டுங்கள். மொன்டெநீக்ரோவில் யூரோதான் புழக்கம். பொஸ்னிய மார்க் யூரோவோடு கட்டப்பட்டது, ஒரு யூரோவுக்கு 1.95583, ஆகவே விலையைப் பாதியாக்கினால் யூரோக் கணக்கு வந்துவிடும். குரோஷிய சிம் எல்லை தாண்டியதும் காசைக் குடிக்கும், பொஸ்னியாவில் வேறு வாங்குங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பொஸ்னியாவில் பூரெக் என்றால் இறைச்சி வைத்தது. சிர்னிட்சா பாற்கட்டி, செல்யனிட்சா கீரை, க்ரொம்பிருஷா உருளைக்கிழங்கு. ஒரு துண்டு காலைச் சாப்பாட்டுக்குத் தாராளம். சேர்பியாவிலும் மொன்டெநீக்ரோவிலும் 'போஸ்னோ' என்று கேளுங்கள், ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு அது. இறைச்சி, முட்டை, பால் இருக்காது, மீன் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொட்டோரிலிருந்து டுப்ரோவ்னிக் தூரம் அதிகமில்லை, ஆனால் கோடையில் எல்லை வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீண்டும் ஷெங்கனுக்குள் நுழைகிற இடம் என்பதால் நமது தாள்களை ஆறுதலாகப் புரட்டுவார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, காப்புறுதி மூன்றையும் கையிலேயே வைத்திருங்கள். விமானம் இரவில் என்றாலும் முதல் நாளே எல்லையைக் கடந்துவிடுங்கள். டுப்ரோவ்னிக் நகரத்துக்குள் தங்குவது கட்டாது என்றால், விமான நிலையம் இருக்கும் சிலிப்பி என்ற ஊர், எல்லைக்கும் நகரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அறை தேடுங்கள்.