சீனைத் தின்றவருக்குப் பாராட்டு இல்லை

தெரிந்த அண்ணன் ஒருவர் மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் போடுபவர். 'வள்ளி திருமணம்' என்றால் அவர்தான் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம். ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து எடுத்துவந்து, “தம்பி, நம்மளப் பத்தி என்ன போட்டிருக்கான்னு வாசிச்சுச் சொல்லு” என்றார். 'சூயிங் த சீனரி' என்று இருந்தது. சீனரி என்றால் மேடையில் தொங்கும் படுதா, சூயிங் என்றால் மெல்லுவது. நான் யோசிக்கவே இல்லை. “சீனையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்களாம்ணே” என்றேன். அடுத்த ஊர் நோட்டீஸில் அவர் படத்துக்குக் கீழே அது அச்சாகிவிட்டது.

உண்மையில் அது கிண்டல். கண்ணை உருட்டி, கையை வீசி, வசனத்துக்கு வசனம் கத்தி, விட்டால் பின்னால் தொங்கும் படுதாவையும் கடித்துத் தின்றுவிடுவார் போல நடிப்பவரைச் சொல்வது. 1890களிலேயே அமெரிக்காவில் அச்சில் வந்துவிட்ட தொடர். நம் பேச்சில் 'ஓவர் ஆக்ட்'. நான் சறுக்கியது ஆங்கிலம் தெரியாததால் அல்ல, தமிழ் முந்திக்கொண்டதால். 'தூக்கிச் சாப்பிட்டார்' என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு பாராட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் தின்கிற வார்த்தையைப் பார்த்ததும் அது ஓடிவந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வகைத் தவறுதான் மோசம், ஏனென்றால் வாக்கியம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

விடியவிடிய நடக்கும் நாடகத்தில், வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கடைசி ஆள் வரைக்கும் எட்ட வேண்டும். கொஞ்சம் மிகை இல்லாமல் அங்கே ஆகாது. எழுதியவருக்கு அது புரிந்ததா என்பது வேறு கதை. சில விமர்சகர்கள் இதே தொடரை ரசித்தும் சொல்வார்கள், முக்கியமாக வில்லன் வேடத்துக்கு. அதனால் அடுத்த இரண்டு வரியையும் படிக்காமல் முடிவு கட்டக் கூடாது.

'ஷோ ஸ்டாப்பர்' இன்னொரு பள்ளம். நிகழ்ச்சியை நிறுத்தியவர் என்று எழுதினால் ஏதோ தகராறு செய்தவர் மாதிரி இருக்கிறது. கைதட்டல் ஓயாமல் நிகழ்ச்சி மேற்கொண்டு நகர முடியாமல் நிற்கிறது, அதுதான் விஷயம். இதை மதுரைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே சிறுவர்கள் நடிக்கும் பாலர் சபை தொடங்கிய காலத்து நாடகங்களில் பாட்டுத்தான் உயிர். பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' என்று கூட்டம் கத்தும், கதை அங்கேயே நிற்கும், நடிகர் மறுபடி பாடுவார். அந்த 'ஒன்ஸ்மோர்' வாங்கிய பாட்டுதான் ஷோ ஸ்டாப்பர். ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பியிடம் கேட்டால், வெளியீட்டையே தடுத்து நிறுத்தும் கோளாறு என்பான். அவன் சொல்வதும் சரி. எங்கே எழுதப்பட்டது என்று பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

'ப்ராட் த ஹவுஸ் டவுன்' என்பதை ஒருவர் 'வீட்டை இடித்தார்' என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். 'ஹவுஸ்ஃபுல்' போர்டு பார்க்காமலா இந்த ஊரில் வளர்ந்தார்? அதே ஹவுஸ்தான் இது, அரங்கத்தில் இருக்கும் கூட்டம். கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது என்று எழுதினால் போதும்.

'ஸ்வான் சாங்' வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும், அதனால் நல்லது கெட்டது பிரித்தறிந்து பாடிய பாட்டு என்று மனசு போகும். மேற்கத்திய அன்னத்தின் கதை வேறு. சாகும் முன் ஒரே ஒருமுறை அழகாகப் பாடும் என்பது கிரேக்கர் காலத்து நம்பிக்கை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828இல் இறந்தார். அவருடைய கடைசிப் பாடல்களைத் தொகுத்து அடுத்த ஆண்டு வெளியிட்டவர்கள் வைத்த பெயரும் இந்த அன்னப் பாட்டுதான். ஆக, ஒரு கலைஞரின் கடைசிப் படைப்பு அல்லது கடைசி மேடை. அடுத்த மாதமும் கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கும் வித்துவானைப் பாராட்ட இதை எடுக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள்.

'பாட்பாய்லர்' என்றால் கொதிக்கிற பரபரப்பு இல்லை. அடுப்பில் உலை கொதிக்க வேண்டுமே என்று காசுக்காகச் செய்த வேலை. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் மசாலாப் படத்துக்கும் அப்படிப் போடுவதால் அங்கே வசவு கொஞ்சம் குறைவு.

அகராதியில் சொல் சொல்லாகத் தேடாமல் தொடரை முழுசாகத் தேடுங்கள். அதற்கும் முன்னால், எழுதியவர் புகழ்கிறாரா, குத்துகிறாரா என்று பாருங்கள். அது தெரிந்தால் தமிழ் வார்த்தை தானாகக் கிடைக்கும்.

அண்ணனிடம் ஒருவழியாக உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அந்த நோட்டீஸ் இன்னும் ரெண்டு கட்டு கெடக்கே, என்ன செய்ய?”