டென்மார்க்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அரண்மனையைப் பாருங்கள், கொம்யூனில் பதியுங்கள்

கோபன்ஹேகனுக்கு வந்ததும் அமாலியன்போர்க் அரண்மனைக்குப் போய், கரடித்தோல் தொப்பிக் காவலர்களைப் படம் எடுப்பது நம்மவர் வழக்கம். தாராளமாக எடுங்கள். ஆனால் உங்கள் அலுவல் ஒன்றும் அங்கே நடக்காது. 2024 ஜனவரியில் அரியணை ஏறிய மன்னர் பத்தாம் பிரெடெரிக் சட்டத்தில் கையெழுத்திடுவார். அமைச்சர் ஒருவரும் கூடக் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். சட்டம் இயற்றுவது 179 உறுப்பினர் கொண்ட ஃபோல்கெடிங் என்ற நாடாளுமன்றம். வீடு, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கொம்யூன் என்ற உள்ளூராட்சியின் கையில். நாட்டில் மொத்தம் 98 கொம்யூன்கள்.

வீடு கிடைத்து ஐந்து நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பிறகு வீடு மாறினாலும் அதே ஐந்து நாள்தான். பத்து எண்கள் கொண்ட சிபிஆர் என்ற ஆளடையாள இலக்கம் தருவார்கள்: முதல் ஆறு பிறந்த நாள், மாதம், வருடம், கடைசி எண் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஆகவே கடவுச்சீட்டில் பிறந்த திகதி பிழையென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் டொக்டரின் பெயர் அச்சிட்ட மஞ்சள் அட்டை தபாலில் வரும். மற்ற அரசாங்கக் கடிதங்கள் டிஜிட்டல் பெட்டிக்கு வரும். திறக்காவிட்டாலும் கிடைத்ததாகவே கணக்கு. முதல் வருடம் அது தெரியாமல் இரண்டு மாதம் பார்க்காமல் விட்டேன். மேன்முறையீட்டுத் தவணை போய்விட்டது.

டொக்டர், ஆசிரியர், மேலாளர் எல்லோரையும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். ‘சேர்’ போட்டால் அவர்களுக்குத்தான் கூச்சம்.

ஒரு கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், இங்கிருந்த தமிழ் அகதிகள் மனைவி பிள்ளைகளை இலங்கையிலிருந்து கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களை அடுக்கின் அடியில் போட்டுவைக்கச் செய்தார். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. விசாரணை அறிக்கை வெளிவந்த 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. வயதான டேனிஷ்காரரிடம் ‘தமில்சேயன்’ (தமிழர் விவகாரம்) என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

நம்மவர் பலர் ‘அரசாங்கத்தோடு ஏன் வம்பு’ என்று மறுப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். மடிக்காதீர்கள். ஏன் மறுத்தார்கள், எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.