பேட் ரிலிஜன் பாணியில் ஒரு பாட்டு: முதலில் மூன்று குரல்களைக் கட்டுங்கள்

அமெரிக்க பங்க் ராக் குழுவான பேட் ரிலிஜன் மாதிரி வாசிக்க ஆசைப்படும் இசைக்குழுக்கள் பெரும்பாலும் முதலில் வேகத்தைத்தான் பிடிக்கின்றன. வேகம் கைக்கு வந்துவிடுகிறது, பாட்டு மட்டும் அவர்களுடையது போல ஒலிப்பதில்லை. 1988-இல் வந்த ‘சஃபர்’, 1989-இல் வந்த ‘நோ கன்ட்ரோல்’ இரண்டிலும் தலா 15 பாட்டு. ஒவ்வொரு ஆல்பமும் ஏறக்குறைய 26 நிமிடம்தான். அந்தச் சிறிய இடத்துக்குள் அவர்கள் அடுக்கிய பின்னணிக் குரல்கள்தான் விஷயமே. ‘ஊ’, ‘ஆ’ என்று நீளும் அந்தக் குரல்களுக்கு ஆல்பக் குறிப்புகளில் ‘ஊஸின் ஆஸ்’ என்று பெயரே வைத்திருந்தார்கள்.

குரலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பது கிட்டாரைப் பார்த்தாலே புரியும். ஆறாவது கம்பியில் 3-ஆம் ஃப்ரெட், ஐந்தாவது, நான்காவது கம்பிகளில் 5-ஆம் ஃப்ரெட்: இது ஜி பவர் கார்ட் (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). இதில் ஜி, டி என இரண்டே ஸ்வரங்கள். மேஜரா (மலர்ச்சியா) மைனரா (சோகமா) என்று தீர்மானிக்கும் ஸ்வரம் கிட்டாரில் இல்லை. அதன் மேல் ஒருவர் பி பாடினால் மேஜர், பி ஃப்ளாட் பாடினால் மைனர். பாட்டின் உணர்ச்சியே பாடுகிறவர்கள் கையில் இருக்கிறது.

அதனால் கிட்டாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு, ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்காருங்கள். ஜி, சி, டி என்று மூன்று கார்டுகள். முதன்மைக் குரல் பி, சி, டி என ஏறட்டும். மேல்குரல் டி, ஈ, எஃப் ஷார்ப். கீழ்க்குரல் ஜி, ஜி, ஏ. முதல் இரண்டு கார்டுகளுக்கும் அது அசையவே வேண்டாம். ஒவ்வொரு கார்டிலும் மூன்று ஸ்வரங்களும் நிறைந்துவிடும்.

பலர் தவறுவது இங்கேதான். மேல்குரல் எப்போதும் முதன்மைக் குரலுக்கு மூன்றாவது ஸ்வரத்தில் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். ஜி கார்டின் மேல் முதன்மைக் குரல் டி-யில் நிற்கும்போது அந்தக் கணக்குப்படி எஃப் ஷார்ப் வரும். கிட்டாரின் ஜி-யோடு அது உரசும். அங்கே ஒரு அரைக் கட்டை ஏறி ஜி-யைப் பிடியுங்கள். குரல்களை மெட்டோடு மட்டும் ஒட்டாமல் கார்டோடும் ஒத்துப்பார்த்து எழுதுங்கள்.

கீழ்க்குரல் பாடுகிறவர் தன்னையறியாமல் முதன்மைக் குரலுக்குத் தாவிவிடுவார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொல்லுங்கள். தன் சுதி தனக்குக் கேட்கும். பாதி வேகத்தில் மூவரும் பிசகாமல் பாடிய பிறகுதான் முழு வேகத்துக்குப் போகலாம். மேல்குரல் தொண்டையை இறுக்கினால் கிட்டார்களையும் பேஸையும் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

‘ஊ’வுக்கு உதடு குவிய வேண்டும், ‘ஆ’வுக்குத் தாடை இறங்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சரியாகக் கார்ட் மாறும் நொடியில் நடக்கட்டும். குரலில் நடுக்கமோ அசைவோ வேண்டாம், நேர்க்கோடாக நீட்டுங்கள். சேர்ந்து சொற்களைப் பாடும் இடத்தில் கடைசி ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை முதன்மைப் பாடகர் மட்டும் உச்சரிக்கட்டும். மூவரும் உச்சரித்தால் அவை சிதறி விழும்.

முதன்மைப் பாடகருக்கு மூச்சுதான் பெரிய பாடு. பேட் ரிலிஜனின் பாடகர் கிரெக் கிராஃபின் பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நீண்ட, அறிவியல் வாசனை அடிக்கும் சொற்களை ஒரே வரியில் நெருக்கி வைப்பது அவர் எழுத்தின் அழகு. அப்படி ஒரு வரியை எழுதினால் எங்கே மூச்சு வாங்குவது என்று தாளிலேயே கோடு போட்டுவிடுங்கள். பொருள் முறியாத இடத்தில் மூச்சு விழ வேண்டும்.

டிரம்ஸ் எளிது: 1, 3-இல் கிக், 2, 4-இல் ஸ்னேர், ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஹை-ஹேட். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 180 முதல் 200 எண்ணிக்கை. கோரஸ் வரும்போது டிரம்மர் உற்சாகத்தில் ஓடினால் சொற்கள் வாயில் சிக்கும், ஆகவே கிளிக் காதில் இருக்கட்டும்.

190 வேகத்தில், ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு அடி என்றால், கிட்டாருக்கு நொடிக்கு ஆறு அடிக்கும் மேல் விழும். எல்லாமே கீழ்நோக்கிய அடியாக இருந்தால்தான் அந்த முரட்டுச் சீர்மை வரும். முழங்கை விறைத்தால் 150-க்கு இறங்கி, மணிக்கட்டால் அடித்து, ஐந்தைந்தாக ஏறுங்கள். ஆம்ப்பில் கரகரப்பைக் கூட்டும் கெய்ன் பாதிக்கு மேல் வேண்டாம். நடு அலைவரிசையான மிட்-ஐக் குறைக்கவும் கூடாது. கெய்ன் கூடினால் அடிகள் ஒன்றோடொன்று குழைந்து, பாடுபட்டுக் கட்டிய குரல்களையும் மூடிவிடும்.

ஒலிப்பதிவில் முதன்மைக் குரலை நடுவில் வையுங்கள். மேல்குரலையும் கீழ்க்குரலையும் தலா இரண்டு முறை பாடிப் பதிந்து, இடமும் வலமுமாகப் பிரியுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் கிடைக்காது, நடுவிலேயே நிற்கும். இந்தப் பின்னணிக் குரல்களில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்கள். பிறகு அவற்றின் ஒலியளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தனியாகக் காதில் படாமல், அணைத்தால் மட்டும் கோரஸ் வற்றிப்போகிற அளவு ஒன்று உண்டு. அங்கே நிறுத்துங்கள்.